சண்முகத்தாய் டீச்சர் வாபஸ் வாங்கிய உத்தரவு

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற டிரைவர்கள் காலையில் மணி தெரிய வாட்சைப் பார்ப்பதில்லை. ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பால்வாடியில் சண்முகத்தாய் டீச்சரின் சத்தம் எழும்பினால் மணி ஒன்பதரை. "ஏலே, மூக்கச் சிந்திட்டு உள்ள வா!" என்று ஒன்று. "ஆத்தா, தங்கச்சி கைய விட்டுராத!" என்று இன்னொன்று. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு தொண்டை. மைக் இல்லாமல் பொதுக்கூட்டம் நடத்தலாம். அந்தத் தொண்டைக்குப் பயந்து ஒரு பிள்ளைகூட அழுததில்லை என்பதுதான் அதிசயம். அவள் கத்தக் கத்த அதுகள் கெக்கலி கொட்டிச் சிரிக்கும்.

சண்முகத்தாய்க்குப் பிறந்த ஊர் அனுமந்தன்பட்டி. இரண்டு போகம் நெல் விளைகிற வயல் அப்பாவுக்கு இருந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புப் போதும் என்று அவர் நினைத்தார். மகள் நினைக்கவில்லை. உத்தமபாளையத்துக்கு நடையாய் நடந்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள், கணக்கில் கோட்டை விட்டாள். மறுபடி எழுதினாள், மறுபடியும் கோட்டை விட்டாள். "எனக்கும் கணக்குக்கும் பொருத்தம் இல்ல, விடுங்க" என்று சிரித்துவிட்டுக் கம்பத்து ஜீப் டிரைவர் சுருளியாண்டிக்குக் கழுத்தை நீட்டினாள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் அவனுடையது. விடியுமுன் மலை ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவான். கீழே ஆள் சேர்ந்தால் பகலிலும் இறங்கி வந்து ஒரு நடை போவான்.

அறுபத்தொன்பதில் அந்தப் பால்வாடி திறந்தபோது டீச்சர் வேலைக்கு ஆள் தேடினார்கள். சண்முகத்தாய் போய் நின்றாள். மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே என்னென்னவோ சொன்னார்கள். அவள் மனதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். வாயும் கையும் சேர்ந்து வேலை செய்தால்தான் பிள்ளைக்குப் புத்தி வளரும் என்று ஒரு அம்மா அடித்துச் சொன்னார். ஊருக்குத் திரும்பி வந்து ஆற்று மணல் ஒரு வண்டி கொட்டச் சொன்னாள். சோடா மூடி, புளியங்கொட்டை, சிரட்டை, காலித் தீப்பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி வந்து சேர்த்தாள். பால்வாடி ஆயா கருத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்க் குப்பையெல்லாம் இங்கன வந்து சேருது. நான் கூட்டுறதா, நீங்க கொட்டுறதா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் குப்பையில்தான் பிள்ளைகள் காலையிலிருந்து மத்தியானக் கோதுமை உப்புமா வரைக்கும் கிடந்தார்கள்.

கம்பத்தில் எல்லா வீட்டிலும் தமிழ் பேசுவார்கள் என்று நினைத்தால் அது தப்பு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு, தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள் அவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் தெருவில் இறங்கினால் தமிழ், வாசல்படி ஏறினால் அவரவர் பாஷை என்று பிறக்கும்போதே பழகிவிடுவார்கள். மலையாளத்துப் பிள்ளைகள் கதை வேறு. டீக்கடை, டயர்க்கடை, மரக்கடை என்று பிழைப்புத் தேடி நேற்று முன்தினம் மலை இறங்கி வந்த குடும்பங்கள் அவை. பால்வாடியில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைகள்தான். வந்த புதிதில் மிரள மிரள விழிக்கும்.

ஓமனா மட்டும் விழிக்கவில்லை. ஸ்டாண்டு முக்கில் டயர்க்கடை வைத்திருந்த குட்டப்பனின் மகள் அவள். நாலரை வயது, சுருட்டை முடி, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பூ. வந்த முதல் நாளே சண்முகத்தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "எந்தினா?" என்று ஆரம்பித்துவிட்டாள். எதற்காக என்று அர்த்தம். மணல் எதற்கு, மணி எதற்கு, கருத்தம்மாள் ஏன் வெற்றிலை போடுகிறாள், டீச்சருக்கு ஏன் இவ்வளவு சத்தம், எல்லாம் "எந்தினா"தான். சுருளியாண்டியின் ஜீப்பில் ஏறி இறங்குகிற ஆட்களிடம் பேசிப் பேசி சண்முகத்தாய்க்கு மலையாளம் கொஞ்சம் தெரியும். தெரிந்ததை வைத்துச் சமாளிப்பாள். "ஏ எந்தினா, செத்த நேரம் சும்மா இருத்தா, உனக்குக் கோயில் கட்டுறேன்" என்பாள்.

அந்தப் பிள்ளை மணலில் போடுகிற ரோட்டைப் பார்க்கவே ஜீப் ஸ்டாண்டு ஆட்கள் வருவார்கள். குமுளி மலைப்பாதைதான். கொண்டை ஊசி வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரலால் இழுப்பாள். தீப்பெட்டிதான் ஜீப். ஓட்டும்போது வாய் ஓயாது. "இவிடெ வளவு, இவிடெ வெள்ளம், எஞ்சின் சூடாயி, நில்க்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போவாள். வளைவு வந்தால் திருப்புவாள். எஞ்சின் சூடானால் தண்ணீர் கிடைக்கிற இடத்தில் நிறுத்துவாள். எதிரே இன்னொரு தீப்பெட்டி வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி என்பதுகூடத் தெரிந்திருந்தது. சுருளியாண்டி ஒரு நாள் பார்த்துவிட்டு, "எங்க ஸ்டாண்டுல பாதிப் பேருக்கு இது தெரியாதுடி" என்றான்.

அந்த வருஷம் ஜூன் மாதம் சண்முகத்தாய்க்கு ஒரு அடி விழுந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப் போன பிள்ளைகளில் இரண்டு மலையாளத்துப் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். பேர் கேட்டதற்கு விழித்தார்களாம். "அடுத்த வருஷம் பாப்போம்" என்றாராம். தன் பால்வாடியிலிருந்து போன ஒரு பிள்ளை திரும்பி வந்தது அதுவே முதல் தடவை. அவளுக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சண்முகத்தாய் இரண்டு நாள் பேசாமல் இருப்பது சாதாரண விஷயமா?

ரோசம் வந்தால் அவளுக்கு எதையாவது உடனே செய்தாக வேண்டும். மலையாளத்துத் தாய் தகப்பன்மார் எல்லாரையும் பால்வாடிக்கு வரச்சொன்னாள். வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் நின்று உத்தரவு போட்டாள்.

"இங்கன பாருங்க. இன்னையில இருந்து வீட்டுல மலையாளமே பேசக்கூடாது. பிள்ளைககிட்டத் தமிழ்தான். பேசத் தெரியலையா, தெரிஞ்ச வரைக்கும் பேசுங்க. வர்ற வருசம் என் பிள்ளைக ஒண்ணுகூடத் திரும்பி வரக்கூடாது. என்ன, புரிஞ்சதா?"

"ஆயிக்கோட்டே டீச்சரே" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு, தெருமுனை திரும்பும் முன்னால் மலையாளத்தில் சளசளவென்று பேசிக்கொண்டு போனார்கள். டீச்சர் சொல்வார்கள், அதற்கென்ன? வீட்டுக்கு வீடு வந்து கேட்கவா போகிறார்கள்?

குட்டப்பன் மட்டும் அப்படிப் போகவில்லை. அவனுக்குச் சண்முகத்தாய் டீச்சர் என்றால் தெய்வ வாக்கு. மலை இறங்கி வந்த புதிதில் கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்தது சுருளியாண்டி. ரேஷன் கார்டுக்கு ஆபீஸ் ஆபீஸாக நடந்தது சண்முகத்தாய். அவள் சொன்னதற்கு மறு பேச்சு உண்டா? அன்றைக்கே வீட்டுக்குப் போய் மனைவி பங்கஜாட்சியிடம், இனிமேல் இந்த வீட்டில் மலையாளம் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

பொங்கல் நெருங்கும்போது ஒரு நாள் கருத்தம்மாள் உப்புமா கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் டீச்சர், அந்த எந்தினாப் புள்ள எங்க போச்சு?"

"அங்கனதான உக்காந்திருக்கு."

"புள்ள உக்காந்திருக்கு. எந்தினாவக் காணோமே."

"தமிழு உள்ள எறங்குதுக்கா. அதான் அடங்கிருச்சு. பொறுத்துப் பாரு, கொட்டித் தீத்துரும்."

சொல்லும்போது சண்முகத்தாய்க்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாசி வந்தது, எதுவும் கொட்டவில்லை. ஓமனா யாரையும் இழுப்பதில்லை, எதையும் கேட்பதில்லை. வா என்றால் வந்தாள், தின்னு என்றால் தின்றாள். நல்ல பிள்ளை என்று பார்க்க வருகிறவர்கள் மெச்சினார்கள்.

ஒரு நாள் சண்முகத்தாய் மணல் பக்கம் போய் நின்று பார்த்தாள். ஓமனா தீப்பெட்டியைக் கையில் வைத்திருந்தாள். முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள். மறுபடி முன்னால் தள்ளினாள். ரோடு இல்லை. வளைவு இல்லை. தண்ணீர் எடுக்கிற இடம் இல்லை. வாய் அசையவில்லை, கையும் சும்மா அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். சண்முகத்தாய் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "ஜீப்பு எங்கத்தா போகுது?" என்று கேட்டாள். பிள்ளை தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

பேசாத பிள்ளை என்றால் சண்முகத்தாய் பயந்திருக்க மாட்டாள். எத்தனையோ கூச்சக்காரப் பிள்ளைகளைப் பார்த்தவள். பேச்சோடு சேர்ந்து அந்த ரோடும் போய்விட்டதே, அதுதான் அவளை உலுக்கியது. தன் பாஷையில் முணுமுணுத்துக்கொண்டேதான் அந்தப் பிள்ளை அடுத்த வளைவை யோசித்திருக்கிறாள். முணுமுணுப்பை நிறுத்தியதும் யோசனையும் நின்றுபோய்விட்டது. வாயையும் கையையும் பற்றி மதுரையில் அந்த அம்மா சொன்னது இதுதானா என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் நேரே குட்டப்பன் வீட்டுக்குப் போனாள். டயர்க்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வாசலில் செருப்பை விடும்போதே உள்ளே குட்டப்பனின் குரல் கேட்டது.

"ஓமனா, வா. உக்காரு. கை கழுவு. தின்னு. சிந்தாதே. எந்திரி. நகரு. பிடி. விடு."

முதலில் சண்முகத்தாய்க்குச் சிரிப்புத்தான் வந்தது. டயர்க்கடையில் அவன் வேலைக்காரப் பையனிடம் பேசுகிற தமிழ் அது. கழட்டு, மாட்டு, காத்து அடி, தள்ளு, நிறுத்து. பெரியவர்களிடம் குட்டப்பன் தட்டுத் தடுமாறிச் சமாளிப்பான்; சின்னவர்களிடம் பேச அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். ஜாக்கி தூக்குவதற்கு அது போதும். பிள்ளையோடு பேசுவதற்கு? ஏன் என்று கேட்க அதில் வழியில்லை. ஒரு ஊரில் என்று தொடங்க வழியில்லை. பங்கஜாட்சிக்கு அந்த அளவு தமிழும் கிடையாது. அவள் அடுப்படியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சண்முகத்தாயைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

சண்முகத்தாய்க்குச் சிரிப்பு நின்றுபோனது. இந்த வீட்டைப் பேச்சில்லாமல் ஆக்கியது யார்? அவள்தான். வேறு யாரும் இல்லை. ஊரில் அவள் பேச்சை யாரும் கேட்கவில்லை, அவர்கள் பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அவள் மேல் உயிரையே வைத்திருந்தவன் பிள்ளைக்குத்தான் இந்தக் கதி.

"அண்ணே, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றாள். சுற்றி வளைக்கவெல்லாம் அவளுக்குத் தெரியாது. "எனக்குப் புத்தியில்லாமச் சொல்லிட்டேன். பிள்ளகிட்ட மலையாளத்துலயே பேசுங்க. எப்பயும் போலப் பேசுங்க. தமிழ் தானா வரும்."

குட்டப்பன் முகம் மாறிவிட்டது. "டீச்சரே, அப்போ என் மகளுக்குத் தமிழ் வராதுன்னு முடிவு பண்ணியாச்சா?"

"ஐயோ, அப்படி யாரு சொன்னா?"

"எனக்கு மனசிலாச்சு. நீங்க நல்லவுங்க, நேரா சொல்ல மாட்டீங்க. பிள்ளை மந்தம்தான். நானே பாத்தேன். இவ்வளவு மாசம் தமிழ் பேசியும் ஒரு வார்த்தை வரலே." அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "வீரபாண்டித் திருவிழா கழிஞ்சா இவளையும் பிள்ளையையும் மலைக்கு அனுப்பப் போறேன். அவ அம்மா வீட்டிலே இருக்கட்டும். அங்கே ஸ்கூலும் இல்லே, கேள்வியும் இல்லே. சுருளியாண்டி அண்ணன்கிட்டே ரெண்டு சீட்டு சொல்லியாச்சு."

சண்முகத்தாய் எவ்வளவோ சொன்னாள். ஒன்றும் ஏறவில்லை. தெய்வ வாக்கு என்று நம்பியவனிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது லேசான காரியமா? அவள் சொல்லச் சொல்ல, தன் மகளைக் கைகழுவி விடுகிறாள் என்றே அவனுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து சுருளியாண்டியைப் பிடித்துக்கொண்டாள். "அவுக கேட்டா நீங்க சீட்டுக் குடுத்துருவீகளா?"

"கேட்டாக, குடுத்தேன். டிரைவரு வேற என்னடி செய்வான்?" என்றான் அவன். "உத்தரவு போட்டது நீ. என்னைய எதுக்கு வையிற?"

அது சுருக்கென்று தைத்தது.

மறுநாளிலிருந்து பால்வாடியில் அவளே ஓமனாவிடம் மலையாளம் பேசிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அரைகுறை மலையாளம். பிள்ளை பயந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். தடுத்த ஆளே பேசினால் எந்தப் பிள்ளை நம்பும்? டீக்கடைக்காரர் மகனை அவளோடு விளையாட விட்டாள். அவன் மலையாளத்தில் பொரிந்து தள்ளினான், இவள் தலையைக் குனிந்துகொண்டாள். பங்குனியும் போய்விட்டது. சண்முகத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டபோதுகூட இப்படி இருந்ததில்லை. அது அவள் பரீட்சை. இது அடுத்தவன் பிள்ளை.

சித்திரை கடைசியில் வீரபாண்டித் திருவிழா வந்தது. கருத்தம்மாள் தீச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாள், லீவு கேட்டாள். சமைக்க ஆள் வேண்டுமே? சண்முகத்தாய் அந்தச் சாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டயர்க்கடைக்குப் போய் இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"அண்ணே, ஊருக்கு அனுப்புறதுன்னா அனுப்பிக்கங்க, நான் தடுக்கல. போற வரைக்கும் பங்கஜாட்சி எனக்கு உப்புமா கிண்டித் தரட்டும். இந்தச் சின்ன உதவிகூடச் செய்ய மாட்டீகளா?"

டீச்சர் உதவி என்று கேட்டால் குட்டப்பனால் முடியாது என்று சொல்ல முடியுமா? சரி என்றான். பங்கஜாட்சி வந்தாள், கிண்டினாள், பாத்திரம் கழுவினாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஊருக்குப் போகிற அன்றைக்கும் வந்தாள். துணிமணிகளை மூட்டை கட்டிப் பால்வாடி மூலையிலேயே வைத்திருந்தாள். மத்தியானம் ஜீப். குட்டப்பன் வந்து ஏற்றிவிடுவதாகப் பேச்சு.

உப்புமா இறக்கியாயிற்று. ஆற வேண்டும். அதற்குள் ஜீப் வந்துவிடுமோ என்று சண்முகத்தாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. பங்கஜாட்சியின் கையைப் பிடித்து இழுத்து வந்து பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்தாள்.

"பங்கஜாட்சி, பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லும்மா. மலையாளத்துல சொல்லு."

"அய்யோ டீச்சரே, சேட்டன் வழக்கு பறயும்" என்றாள் அவள். புருஷன் திட்டுவான் என்று பயம்.

"திட்டுனா என்னையத் திட்டச் சொல்லு. உன் கால்ல விழுகவா? விழுந்துருவேன், பாத்துக்க."

நிஜமாகவே குனிந்துவிட்டாள். பங்கஜாட்சி பதறிப்போய் அவளைத் தூக்கிவிட்டாள். பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது, கைதட்டினார்கள். பங்கஜாட்சி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்ல, "ஒரிக்கல் ஒரு கரடி வந்நு" என்றாள்.

கரடி தமிழிலும் கரடிதானே? பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மலையில் ஒரு ஏலக்காய் ஸ்டோர். பச்சை ஏலக்காயைக் கம்பி வலையில் பரப்பி, கீழே தீ மூட்டிக் காய வைக்கிற கட்டடம். வெளியே நல்ல குளிர், மழை. உள்ளே கதகதவென்று சூடு. தீயைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் இருந்தான். அவன் விறகு எடுக்கப் போன நேரத்தில் ஒரு கரடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. பங்கஜாட்சி எழுந்து, கரடி குளிரில் நடுங்குவதைக் காட்டினாள். அது மூக்கை நீட்டி ஏலக்காய் வாசம் பிடிப்பதைக் காட்டினாள். மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்த பேச்சு அது, திறந்துவிட்டதும் நிற்கவில்லை. அவள் கண்ணும் கையும் சேர்ந்து பேசின. இவ்வளவு நாள் அடுப்படியில் பார்த்த பங்கஜாட்சியா இது என்று சண்முகத்தாய் வாயைப் பிளந்தாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு உயிர் போனது. செல்லப்பாண்டி என்று ஒரு வாண்டு, வாழைக்காய் மண்டிக்காரர் மகன், முட்டி போட்டு முன்னால் நகர்ந்து வந்தான்.

"டீச்சர், கரடி என்ன பண்ணுச்சாம்? அந்த ஆளக் கடிச்சிருச்சா?"

சண்முகத்தாய்க்குப் பதில் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவ்வளவு பெரிய தொண்டையை அடக்கிக்கொண்டு, "எனக்கு மலையாளம் தெரியாதுலே" என்றாள்.

"அத்தை, சொல்லுங்க அத்தை!" என்று பங்கஜாட்சியின் முழங்காலை அவன் உலுக்கினான். அவள் தமிழில் சொல்லத் தெரியாமல் கையைப் பிசைந்தாள். பிள்ளைகள் எல்லாம் கத்த ஆரம்பித்தார்கள். கடிச்சிருச்சா? கடிச்சிருச்சா?

"கடிக்கல."

சத்தம் எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓமனா எழுந்து நின்றிருந்தாள்.

"கடிக்கல. கரடி படுத்துக்கிருச்சு. சூடா இருந்துச்சுல்ல, அதான் ஏலக்கா மேல படுத்து ஒறங்கிருச்சு. அந்த ஆளு வெறகு தூக்கிட்டு வந்தாரு. கரடியப் பாத்தாரு. வெறகு எல்லாம் கீழ விழுந்துருச்சு. கரடி முழிக்கல."

முழுசாக, கோர்வையாக, கம்பத்துத் தமிழ். இந்தத் தமிழ் எங்கே இருந்தது? இந்தப் பால்வாடியில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் கிடந்திருக்கிறது. சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லாமல் செய்திருந்தார்கள், அதனால் வெளியே வரவில்லை. இப்போது சொல்ல ஒரு கரடி கிடைத்துவிட்டது. கேட்க ஆள் துடிக்கிறான். பங்கஜாட்சிக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொண்டே கதையைத் தொடர்ந்தாள். அவள் இரண்டு வாக்கியம் சொன்னால் ஓமனா இரண்டு வாக்கியம் சொன்னாள். அம்மா சொல்லாததையும் சேர்த்துக்கொண்டாள்; கரடிக்குக் கால் வலித்ததாம், மலை ஏறி வந்ததாம்.

"அப்பொறம் அந்த ஆளு என்ன செஞ்சாரு?" என்று செல்லப்பாண்டி கேட்டான். "ஓடிட்டாரா?"

பங்கஜாட்சி வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். வாசலில் குட்டப்பன் நின்றிருந்தான். அவளைக் கூட்டிப் போக வந்தவன், எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியவில்லை. வெளியே சுருளியாண்டி ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தான்.

பங்கஜாட்சி மூட்டையை எடுக்க எழுந்தாள். பிள்ளைகளும் அடங்கிப்போனார்கள். ஓமனா தகப்பனைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். கேட்பதற்கு ஆள் காத்திருக்கிறான், கதை பாதியில் நிற்கிறது. ஸ்டோரில் தீக்குக் காவல் இருந்த அந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் எத்தனையோ ராத்திரி சொன்ன கதைதான் அது. ஓடிப்போய் குட்டப்பனின் கிரீஸ் படிந்த கையைப் பிடித்தாள்.

"அச்சா, பின்னே எந்தாயி?"

அப்பா, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். குட்டப்பன் தலையை நிமிர்த்திச் சண்முகத்தாயைப் பார்த்தான். பேசலாமா என்று அவளிடம் அனுமதி கேட்கிற பார்வை அது. அந்தப் பார்வையைச் சண்முகத்தாயால் தாங்க முடியவில்லை. தகப்பன் தன் மகளோடு பேச இவளிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

"என்னைய எதுக்குண்ணே பாக்குறீக?" என்றாள். "கேட்டது உங்க மக. அவளுக்குச் சொல்லுங்க. நல்லா மலையாளத்துல சொல்லுங்க."

குட்டப்பன் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்து மணலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஓமனாவை மடியில் இருத்திக்கொண்டான். பிறகு, "ஞான் ஓடியில்ல" என்றான்.

"எங்க அப்பா ஓடலயாம்!" என்று ஓமனா கத்தினாள். "அது எங்க அப்பாதான்!"

பிள்ளைகள் 'ஓ' என்று கூச்சல் போட்டுக் குட்டப்பனை மொய்த்துக்கொண்டார்கள். வெளியே மறுபடியும் ஹாரன். சண்முகத்தாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏங்க! அந்த ரெண்டு சீட்டுக்கும் வேற ஆள ஏத்திட்டுக் கெளம்புங்க! இங்கன யாரும் வரல!"

ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. குட்டப்பன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கதையில் கரடி கண் விழிக்கிற இடத்துக்கு அவன் வந்திருந்தான்.